முந்நூறு தெனாரியமும் இருநூற்றைம்பது சிப்பமும்

பாட்டுக் கேட்பதற்காக ஒரு குடும்பமோ ஒரு பங்கோ எவ்வளவு செலவிடலாம்? நம் முன்னோர் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. கேட்கவேண்டிய தேவையும் அவர்களுக்கு எழவில்லை. பாட்டு வேண்டுமென்றால் பாடினார்கள். பாடத் தெரியாதவர்கள் பாடத் தெரிந்தவரின் அருகே போய் உட்கார்ந்தார்கள். வானொலி வந்தது, இசைத்தட்டு வந்தது, ஒலிநாடா வந்தது, குறுந்தகடும் வந்து போய்விட்டது. இப்போது இணையத்தின் வழியே பாட்டை இழுத்துத் தரும் கருவி வந்திருக்கிறது. ‘ஸ்ட்ரீமர்’ என்கிறார்கள். கைப்பேசியே செய்துவிடும் இவ்வேலையைத் தனியாகச் செய்வதற்கென்று ஐம்பதாயிரம் ரூபாயிலிருந்து பல இலட்சம் ரூபாய் வரை விலை சொல்லப்படும் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றுக்கென்று தனி மின்வழங்கி, தனிக் கம்பி, அதிர்வு தாங்கும் தனிப் பீடம் ஆகியனவும் விற்பனைக்கு உண்டு.

தஞ்சையைச் சுற்றியுள்ள நம் நெல்வயல் நாட்டிலும் இந்த ஆசை வந்துவிட்டது. மகன் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ பொருள் ஈட்டும் வீடுகளில் முதலில் வந்தது. பிறகு கோயிலுக்குள் எட்டிப் பார்த்தது. திருவிழாவுக்கு முன் பங்குப்பேரவை கூடும்போது, பழைய ஆம்ப்ளிபயரை மாற்றும் பேச்சோடு பேச்சாக, “இணையத்திலிருந்து நேரடியாக உயர்தரப் பாடல் வரும் கருவியையும் சேர்த்தே வாங்கிவிடலாமே” என்று ஒருவர் சொல்கிறார். நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். பாதிப் பணத்தைத் தாமே தருவதாகவும் சொல்கிறார். அந்த நல்ல மனத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் வீண் என்பதைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். அச்சத்தினாலோ மரியாதையினாலோ நம் மக்கள் இதைக் கேட்பதே இல்லை. விற்பவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். இன்றைய பாடல் எண்களாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. 1982-இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தபோது வகுக்கப்பட்ட முறை இதுதான்: ஒலி அலையின் உயரம் ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது, ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. நொடிக்கு 44,100 அளவுகள் இருந்தால் ஏறத்தாழ 22,000 அதிர்வு வரையுள்ள ஒலியைக் குறையின்றி மீட்டுவிடலாம் என்பது கணித உண்மை. மனிதச் செவியின் எல்லையோ இளமையில் 20,000 அதிர்வு. ஐம்பது வயதைக் கடந்தவருக்கு அது பெரிதும் சுருங்கிவிடும். இத்தகைய கருவிகளை வாங்கும் வசதி பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தபின்தான் வாய்க்கிறது என்பதை இவ்விடத்தில் சொல்லிவைக்கிறோம்.

இந்த எண்கள் இணையத்தில் சிறு சிறு பொட்டலங்களாக வருகின்றன. ஒரு பொட்டலம் வழியில் தவறினால், பெறும் கருவி அதை மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறது. எல்லாம் வந்து சேர்ந்தபின் எண்கள் மின்னலையாக மாற்றப்பட்டு, பெருக்கியின் வழியாக ஒலிபெருக்கிக்குப் போகின்றன. ஆகவே எண் வந்து சேர்ந்தது, அல்லது சேரவில்லை. இடைநிலை ஒன்றும் கிடையாது. கம்பி தங்கத்தாலானது என்பதற்காக ‘ஏழு’ என்ற எண் மேலும் இனிமையான ஏழாக வந்து சேர்வதில்லை. இணையம் தளர்ந்தால் பாட்டு நின்றுபோகும்; சில சேவைகள் நிற்காமலிருக்கத் தரத்தைக் குறைத்து அனுப்பும். அந்தக் குறையையும் விலையுயர்ந்த பெட்டி ஈடுசெய்யாது. எண்ணை ஒலியாக்கும் பகுதி ஒன்றில்தான் கருவிக்குக் கருவி வேறுபாடு இருக்க முடியும். அதிலும் இன்றைய மலிவான சில்லுகளின் பிழை நம் செவிக்கு எட்டாத அளவிலேயே நின்றுவிடுகிறது. கைப்பேசியில் செருகும் ஒரு சிறு இணைப்பான் ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. அது இவ்வேலையைச் செம்மையாகச் செய்கிறது.

“நீங்கள் கணக்குப் போடுகிறீர்கள், நாங்கள் காதால் கேட்கிறோம்” என்பது இதற்கு எப்போதும் வரும் மறுமொழி. சரி, காதையே சாட்சிக்கு அழைப்போம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் மேயர், மோரான் என்ற இருவர் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவை 2007-இல் ஒலிப் பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டனர். குறுந்தகட்டை விடப் பன்மடங்கு நுட்பமானது என்று விற்கப்பட்ட உயர்தரத் தட்டின் ஒலியை அப்படியே ஒருமுறையும், குறுந்தகட்டின் அளவுக்குச் சுருக்கி ஒருமுறையும் ஒலிக்கச் செய்து, எது எது என்று சொல்லாமல் கேட்பவரையே கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கேட்டவர்களுள் ஒலிப்பதிவைத் தொழிலாகக் கொண்டவர்களும் இருந்தனர். 554 முறை கேட்டதில் 276 முறை விடை சரியாக இருந்தது. பாதிக்கும் சற்றுக் குறைவு. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் இதுவே வந்திருக்கும்.

எதிர்ச்சான்றை நாம் மறைக்கப் போவதில்லை. 2016-இல் இலண்டன் பேராசிரியர் ஜோஷுவா ரைஸ் இத்தகைய 18 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட சோதனைகளை ஆராய்ந்தார். நூற்றுக்கு 52.3 பங்கு சரியான விடை கிடைத்தது. தனிப்பயிற்சி பெற்றவர்களுக்கு அது இன்னும் கூடியது. வேறுபாடு உண்டு என்று அவர் எழுதியது உண்மை. ஆனால் அந்த வேறுபாடு நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. அமைதியான ஆய்வுக்கூடத்தில், பயின்ற செவிக்கு, உற்றுக் கேட்கும்போது அகப்பட்டது. மேலே மின்விசிறி சுழல, வெளியே பம்புசெட்டு ஓட, மழைக்காலமென்றால் வயல் முழுதும் தவளை கத்த, நம் வீட்டுக் கூடத்தில் அது எங்கே அகப்படப்போகிறது?

வாணிபம் எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு கதையை மட்டும் சொல்லி மேலே செல்கிறோம். 2014-இல் எம்.கியூ.ஏ. என்ற ஒரு முறை இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. பாடகர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கேட்டதை அப்படியே நம் வீட்டில் கேட்கலாம் என்றார்கள். அதைப் படிக்கத் தெரிந்த கருவிக்கு உரிமத் தொகை உண்டு. அந்தத் தொகை கடைசியில் வாங்குபவர் தலையில் விழுந்தது. டைடல் என்ற பாடல் சேவை அதைப் பெருமையோடு ஏற்றது. 2023 ஏப்ரலில் அந்த நிறுவனம் கடன் நிர்வாகத்தின் கீழ்ச் சென்றது. 2024 ஜூலையில் டைடலும் அதைக் கைவிட்டது. பத்தே ஆண்டுகள். இதற்கிடையில், 2021-இல் ஆப்பிள் நிறுவனம் குறுந்தகட்டுத் தரத்திலும் அதற்கு மேலும் உள்ள பாடல்களைக் கூடுதல் கட்டணமின்றித் தரத் தொடங்கிற்று. தனி விலை கொடுத்து எதை வாங்கச் சொன்னார்களோ அது ஒரு நாள் காலையில் இலவசமாயிற்று. கும்பகோணத்தில் வாங்கிய பித்தளைக் குத்துவிளக்கு மூன்று தலைமுறைக்கு எரியும். அதே விலைக்குப் பல மடங்கு கொடுத்து வாங்கும் இந்தப் பெட்டி, மென்பொருளைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கடல்கடந்த ஒரு நிறுவனம் அறிவித்த அன்றே பாதி செத்துவிடும்.

அப்படியானால் ஒலிக்கு எதுவுமே செலவிடக் கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. ஒலிபெருக்கிக்கும் அறைக்கும் செலவிடலாம். வேறுபாடு அங்கேதான் எல்லார் காதிலும் விழும். ஓட்டு வீட்டின் கூடத்தில் ஒரு விதமாகவும், பளிங்குத் தரையும் வெறுஞ்சுவரும் கொண்ட புதுக் கட்டடத்தில் வேறு விதமாகவும் ஒரே பாட்டு ஒலிப்பதை யாரும் உணரலாம். உயர்ந்த வளைவுக் கூரையுள்ள நம் பழைய கோயில்களில் மறையுரையின் ஒரு சொல் முடியுமுன் அடுத்த சொல் அதன்மேல் ஏறிவிடுகிறது. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டி பாதி மறையுரையை இழக்கிறார். ஒலிபெருக்கிகளைச் சிறியனவாக்கி, தூணுக்குத் தூண் தாழ வைத்து, மக்களை நோக்கித் திருப்பினால் இக்குறை பெரும்பாலும் தீரும். விற்பனையாளர்கள் இதைச் சொல்வதில்லை. இதில் அவர்களுக்கு இலாபம் குறைவு. நோயுற்றோரும் முதியோரும் வீட்டிலிருந்தே திருப்பலியில் ஒன்றிக்கும்படி 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில் பல பங்குகள் கேமராவும் நல்ல மைக்கும் வாங்கியதையும் நாம் குறைகூறவில்லை. அந்தச் செலவு ஒரு குரலை, அதைக் கேட்க முடியாதிருந்தவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இனி விலையை நம் நாட்டுக் கணக்கில் பார்ப்போம். 2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதல் பருவத்தில் சாதாரண ரக நெல் குவிண்டாலுக்கு, மாநில அரசின் ஊக்கத்தொகையையும் சேர்த்து, 2,500 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நாற்பது கிலோ கொண்ட ஒரு சிப்பம் சரியாக ஆயிரம் ரூபாய். இரண்டரை இலட்சம் ரூபாய்ப் பெட்டி என்றால் இருநூற்றைம்பது சிப்பம். ஏக்கருக்கு ஐம்பது சிப்பம் கண்டால் நல்ல விளைச்சல் என்போம். ஆக ஐந்து ஏக்கர் சம்பா. நாற்றங்காலில் தொடங்கி, நடவாள் கூலி, உரம், பூச்சிமருந்து, அறுவடை இயந்திர வாடகை எல்லாம் கழிக்காத மொத்த விளைச்சல் இது. கழித்துப் பார்த்தால் எத்தனை ஏக்கரின் மிச்சம் அந்தப் பெட்டிக்குள் போகிறது என்பதை உழுபவரே கணக்கிட்டுக்கொள்ளட்டும். நெல் ஈரப்பதம் கூடிவிட்டதென்று கொள்முதல் நிலைய வாசலில் குவியலைக் காத்துக்கொண்டு இரவெல்லாம் தார்ப்பாயோடு கிடந்தவருக்கு ஒரு சிப்பத்தின் எடை தெரியும். முன்பு சொன்ன அந்தச் சிறு இணைப்பானின் விலை, ஒரே ஒரு சிப்பம்.

இங்கே நம் வாயை அடைக்க ஒரு மறைநூல் நிகழ்ச்சியை எடுத்து வீசுவார்கள் என்பது தெரியும். பெத்தானியாவில் மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை ஆண்டவரின் பாதங்களில் பூசினாள். அதை முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று முறையிட்டவன் யூதாசு. “நீங்களும் யூதாசின் கட்சியா?” என்று கேட்பார்கள். வலுவான கேள்விதான்; எனவே சற்று நின்று விடை சொல்வோம்.

ஒரு தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒரு நாள் ஊதியம் என்று திராட்சைத் தோட்ட உவமையிலிருந்து அறிகிறோம். 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். முந்நூறு நாளுக்கு ஒரு இலட்சத்துச் சொச்சம். நாம் பேசும் பெட்டி மரியாவின் தைலத்தைப் போல் இரண்டரை மடங்கு! ஆனால் நம் வாதம் தொகையைப் பற்றியதன்று. இறைவனுக்கென்று பெருஞ்செலவு செய்வது தவறென்று நாம் ஒருபோதும் சொல்லோம். அப்படிச் சொன்னால் தஞ்சைத் தரணியில் ஒரு கோயிலையும் கட்டியிருக்க முடியாது. நற்செய்தியாளர் அந்தத் தைலம் கலப்படமற்ற நல்ல தைலம் என்பதைக் குறிப்பிட மறக்கவில்லை. வீடு முழுவதும் மணந்தது என்றும் எழுதுகிறார். வீட்டிலிருந்த எல்லாருக்கும் மணம் எட்டிற்று. அந்த மணத்தை உணர எவருக்கும் தனிப்பயிற்சி வேண்டியிருக்கவில்லை. நாம் வாங்கச் சொல்லப்படும் பெட்டியின் மேன்மையோ, கண்ணைக் கட்டிவிட்டால் வாங்கியவருக்கே தெரிவதில்லை. மேலும், மரியா தன் கையால் பூசினாள். தன் கூந்தலால் துடைத்தாள். வேறொருத்தி எங்கோ பூசியதை விலைக்கு வாங்கிவந்து அங்கே காட்டவில்லை.

இந்தக் கடைசிச் சொல்லில்தான் நம் உண்மையான வருத்தம் இருக்கிறது. வீட்டில் ஒருவர் தம் பணத்தைக் கொட்டுவது அவருடைய பாடு. கோயிலுக்குள் அந்தப் பெட்டி வந்தால் அது செய்யப்போகும் வேலை வேறு. நடுநடுவே பாட்டுக் கேட்பதற்காக மட்டும் அதை வாங்குவதில்லை. வருகைப் பாடலுக்கும் காணிக்கைப் பாடலுக்கும் இசையை மட்டும் பதிந்த ‘ட்ராக்’ ஒன்றை இணையத்திலிருந்து எடுத்து ஓடவிட்டு, அதன்மேல் இருவரோ மூவரோ பாடுகிறார்கள். சிலவேளை பாடும் குரலும் பதிவிலிருந்தே வருகிறது. மக்கள் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். ட்ராக்கின் சுருதி ஏறி நின்றால் இறங்கச் சொல்ல முடியாது. அதன் வேகம் முதியவர்களுக்காகக் காத்திராது. உபதேசியார் ஆர்மோனியத்தில் அரைக்கட்டை இறக்கி, முதலடியைத் தாமே இழுத்து, கூட்டம் வந்து சேரும் வரை அதிலேயே நின்றாரே, அந்த இரக்கம் எந்தப் பெட்டிக்கும் கிடையாது.

(ஆர்மோனியத்தைப் பற்றி ஒரு செய்தி. நம் சுருதிகளுக்கு அது பொருந்தாது என்று அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை விலக்கி வைத்திருந்தது. 1939-இல் தொடங்கிய திருச்சி நிலையத்தின் வழியாகத் தஞ்சை மாவட்டமே இசை கேட்ட காலம் அது. அறிஞர்கள் தள்ளிவைத்த அந்தப் பெட்டியை நம் சிற்றூர்க் கோயில்கள் கைவிடவில்லை. அதன் சுருதிக் குறை அறிஞருக்குத் தெரிந்தது. அது பிடித்துக்கொடுத்த ‘சா’வைக் கொண்டு ஊரே பாடியது நமக்குத் தெரியும்.)

திருச்சபை இதை முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறது. 1958 செப்டம்பரில், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மறைவதற்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன், திருச்சடங்குகளுக்கான பேராயம் திருவழிபாட்டு இசையைப் பற்றி ஓர் அறிவுறுத்தலை வெளியிட்டது. தானியங்கி ஆர்கன், இசைத்தட்டு, வானொலி, ஒலிநாடா போன்ற பொறிகளைத் திருவழிபாட்டில் பயன்படுத்தக் கூடாதென்று அது தெளிவாகத் தடுத்தது. பாடகர் குழுவுக்கோ மக்களுக்கோ மாற்றாக மட்டுமன்று, அவர்களுக்குத் துணையாகவும் கூடாது. அதே அறிவுறுத்தல் ஒலிபெருக்கியை அனுமதித்தது. உயிருள்ள குரலைப் பெருக்கிக் காட்டலாம். உயிருள்ள குரலின் இடத்தில் பொறி நிற்கலாகாது. பின்னர் சிறுவர்களுக்கான திருப்பலி பற்றி 1973-இல் வெளிவந்த வழிகாட்டி, ஆயர் பேரவைகளின் நெறிமுறைக்கு உட்பட்டுப் பதிவிசைக்குச் சிறிது இடம் தந்தது என்பதையும் சொல்லவேண்டும். வழிபாட்டு ஒழுங்குகள் பல மாறிவிட்டன. ஆனால் 1958-இன் காரணம் மாறவில்லை. மாறாக, 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டுச் சட்டத்தொகுப்பில் இறைமக்களின் முழுமையான, செயல்முறைப் பங்கேற்பை முதன்மையான நோக்கமாக வைத்தபோது, அந்தக் காரணம் இன்னும் வலுப்பெற்றது.

அதே சங்கம் மறைபரப்பு நாடுகளின் இசை மரபுகளுக்கு உரிய இடம் தர வேண்டுமென்றது. 1903-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் பியானோவையும் முரசு போன்ற ஆர்ப்பரிக்கும் கருவிகளையும் கோயிலுக்குள் விலக்கியதை நினைத்தால், இந்த அறுபது ஆண்டுப் பயணத்தின் தொலைவு விளங்கும். தவிலுக்கும் பறைக்கும் நாதசுரத்துக்கும் கதவு திறந்தது. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யும் நாதசுரத்துக்கும், பலாமரத்தைக் குடைந்து செய்யும் தஞ்சாவூர் வீணைக்கும் இன்று புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அவற்றைச் செய்பவர்களும் வாசிப்பவர்களும் நம்மிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் இருக்கிறார்கள். திறந்த கதவின் வழியே அவர்கள் வருமுன்னே பெட்டி வந்து உட்கார்ந்துகொண்டது என்றால், யாரை நோவது?

நல்ல பதிவை நாம் வெறுக்கவில்லை. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை 1956-இல் மறைந்துவிட்டார். அவருடைய தோடியை இன்று நாம் கேட்பது பதிவால்தான். ஒரு பக்கம் மூன்றரை நிமிடம் ஓடும் பழைய தட்டில், கீறலும் இரைச்சலும் கலந்து அந்தத் தோடி வந்தது. கேட்டவர்கள் கிறங்கிப்போனார்கள். இரைச்சல் குறைந்திருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்தத் தோடிக்குக் காரணம் தட்டன்று. தட்டைச் சுழற்றிய பெட்டியும் அன்று. கைப்பேசியில் இன்று எல்லாருக்கும் எட்டும் அந்த இசையைப் பெரும்பொருள் கொடுத்தவருக்கே உரியது போல் பேசுவது, இசையைப் பற்றிய பேச்சே ஆகாது. புனித அகுஸ்தினார் தம் ‘அறிக்கைகள்’ நூலின் பத்தாம் பகுதியில், பாடப்படும் பொருளைவிடப் பாட்டின் இனிமையே தம்மை ஈர்த்துவிடுகிறதோ என்று அஞ்சி எழுதினார். பாட்டையும் விட்டுப் பாட்டு வரும் கம்பியின் இனிமையில் ஈடுபடும் ஒரு காலத்தை அவர் கண்டதில்லை.

பொருளை இசைக்குச் செலவிட்டவர்கள் இதே மண்ணில் இருந்திருக்கிறார்கள். அவர்களை முன்மாதிரியாகக் கொள்ளலாமே! தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் சீர்திருத்த சபையைச் சேர்ந்த கிறித்தவர். சித்த மருத்துவத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டு, 1912 முதல் தம் சொந்தச் செலவில் தஞ்சையில் இசை மாநாடுகளைக் கூட்டினார். பல ஊர்களிலிருந்து வித்துவான்களை வரவழைத்து உணவும் இடமும் தந்து, சுருதிகளைப் பற்றி வாதிடச் செய்தார். 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலை வெளியிட்டார். அவர் காலத்திலும் கிராமபோன் இருந்தது. மிக உயர்ந்த கிராமபோன் ஒன்றை அவர் வாங்கியிருக்க முடியும். மனிதர்களுக்குச் செலவிட்டார்.

நம்மவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளையையும் நினைக்கிறோம். நீதிமன்றத்தில் முன்சீபாக இருந்துகொண்டே கீர்த்தனைகள் இயற்றினார். சமய எல்லை கடந்து அவற்றைப் பிறரும் பாடினார்கள். 1876 முதல் 1878 வரை பெரும்பஞ்சம் நாட்டை வாட்டியபோது தம் கைப்பொருளைக் கொண்டு பசித்தோருக்குக் கஞ்சி வார்த்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடினார். கீர்த்தனைக்கு அவருக்குத் தேவைப்பட்டது நாவும் நெஞ்சும். கைப்பொருள் கஞ்சித் தொட்டிக்குப் போயிற்று.

இரண்டரை இலட்சத்தில் ஒரு பங்கு என்ன செய்யலாம்? மாதம் ஐயாயிரம் ரூபாய் கொடுத்து, வாரம் இருமுறை வந்து பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர ஓர் ஆசிரியரை அமர்த்தினால், நான்காண்டுக்கு மேல் ஓடும். திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. திருச்சியில் 1977-இல் அருட்பணியாளர் ஒருவர் தொடங்கிய கலைக்காவிரி இருக்கிறது. அங்கே பயின்று வெளிவரும் இளைஞர்களுக்கு வேலை வேண்டும். நான்காண்டு பயின்ற பத்துப் பிள்ளைகள் ஒரு பங்கில் இருந்தால், தவக்காலப் புலம்பலைப் பாட ஆளில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. புலம்பலின் பழைய மெட்டுகள் இன்று சில கிழவிகளின் தொண்டையில் மட்டும் இருக்கின்றன. அவற்றை எந்த இணையச் சேவையிலும் தேடிப் பாருங்கள், கிடைக்கா. அவர்கள் போனால் அவையும் போகும்.

2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியலில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. தென்னந்தோப்புகள் சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன, பல ஊர்கள் நாள்கணக்கில், சில ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அந்நாள்களில் எந்தப் பெட்டியும் பாடவில்லை. பாட்டு இருந்த இடங்களில், அது மெழுகுதிரி வெளிச்சத்தில் செபமாலை சொன்னவர்களின் வாயிலிருந்து வந்தது. ஆண்டுதோறும் ஐப்பசி கார்த்திகையில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்டுக்கு இது அடிக்கடி நேரக்கூடியதே.

இத்தனைக்குப் பிறகும் வாங்கியே தீருவோம் என்பவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறோம். முன்பணம் கொடுக்குமுன் விற்பவரைப் பங்குக்கே கருவியோடு வரச்சொல்லுங்கள். அதையும் கைப்பேசியோடு இணைத்த ஆயிரம் ரூபாய் இணைப்பானையும் ஒரே பெருக்கியில், ஒரே ஒலியளவில் வையுங்கள். ஒலியளவு சமமாக இருப்பது முக்கியம். சற்று உரக்க ஒலிப்பது எதுவோ அதுவே நன்றாயிருப்பதாகக் காதுக்குத் தோன்றும். இரண்டையும் ஒரு துணியால் மூடுங்கள். பீடச் சிறுவன் ஒருவனைத் துணிக்குப் பின்னால் நிறுத்தி, காசைச் சுண்டிப் பார்த்து மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யுங்கள். பங்குப்பேரவையினர், பாடகர் குழுவினர், பணம் தருவதாகச் சொன்ன அந்த நல்லவர் ஆகிய அனைவரும் ஆளுக்கு இருபது முறை, எது எது என்று தாளில் எழுதட்டும். குருட்டாம்போக்கில் எழுதினாலும் பத்துச் சரியாக வரும். பதினைந்துக்கு மேல் பெற்றவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையை நமக்கும் எழுதி அனுப்புங்கள். பாதிப் பேராவது தேறியிருந்தால் நாமே வந்து அந்தக் கருவியைக் கேட்கிறோம்.